ஆல்டர்நேட்டர் புதுசு, கோடு மட்டும் பழசு

ஸ்கேனரை மாட்டினால் 'பி 0622' என்று காட்டுகிறது. அழித்தால் போய்விடுகிறது, சில நாளில் மறுபடி வந்து நிற்கிறது. ஆல்டர்நேட்டரையே மாற்றியும் அசரவில்லை. இப்படி அலைபவர்கள் பலர். அந்த எண் சொல்வது ஒரு சர்க்யூட்டின் பெயரை மட்டும்தான். கெட்டது ஆல்டர்நேட்டராக இருக்கலாம், அதில் செருகும் கப்ளராக இருக்கலாம், பாதி வழியில் நைந்துபோன வயராகவும் இருக்கலாம்.

எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 'பி' என்றால் இன்ஜின், கியர் சமாசாரம். அடுத்து வரும் பூஜ்யம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதற்கு அடையாளம். அந்த இடத்தில் 1 இருந்தால் கம்பெனி மேனுவலைப் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது. 0620, 0621, 0622 மூன்றும் ஆல்டர்நேட்டருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்கும் நடுவே ஓடும் மெல்லிய வயர்களின் வழக்கு. 0562 வோல்டேஜ் குறைவு, 0563 வோல்டேஜ் அதிகம். அதனால்தான் 0622 எரியும்போதே பேட்டரியில் மீட்டர் வைத்தால் 14.2 வோல்ட் அழகாகக் காட்டும். "சார்ஜ் நல்லாத்தானே ஏறுது" என்று எலக்ட்ரீஷியன் கையை விரிப்பார். ஸ்கேனர் சொல்வதும் அவர் சொல்வதும் உண்மை.

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைக் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நேரத்து ஆர்.பி.எம்., இன்ஜின் சூடு, வேகம் எல்லாம் அதில் இருக்கும். அழித்துவிட்டால் அதுவும் போய்விடும். பிறகு எப்போது திரும்பி வருகிறது என்று கவனியுங்கள். சாவி போட்டதுமே வந்தால் வயர் அறுந்திருக்கவோ ஷார்ட் ஆகியிருக்கவோ வாய்ப்பு அதிகம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகோ, மேடுபள்ளத்தில் குலுங்கும்போதோ வந்தால் லூஸ் கான்டாக்ட் என்று சந்தேகப்படலாம். இரவில் ஏ.சி., ஹெட்லைட், வைப்பர் மூன்றும் ஓடும்போது 0562 மட்டும் வந்தால் பெல்ட், கனமான கேபிள், எர்த் பக்கம் போக வேண்டும்.

என் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது கப்ளர். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, லாக்கை அழுத்தி அதை உருவுங்கள். உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, ஆயில் கசிந்து ஊறியிருக்கிறதா? பின் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் பெண் முனை அகன்றுபோய் ஆண் முனையைப் பிடிக்காமல் விட்டிருக்கும். அதே தடிமன் உள்ள உதிரிப் பின் ஒன்றை ஒவ்வொரு துளையிலும் செருகி இழுத்தால் எது வழுக்கிக்கொண்டு வருகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

வயரைச் சோதிக்க ஓம் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பல இழையில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். இரண்டு முனையையும், இ.சி.யு. பக்கம் உட்பட, கழற்றியபின் அந்த வயர் வழியாக 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்றை எரிய வைத்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் வயர் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறது. ஒரு முனை இ.சி.யு.வில் மாட்டியிருக்கும்போது இதைச் செய்தால் இ.சி.யு.வுக்குத்தான் செலவு.

கனமான கேபிளுக்கு வேறு சோதனை. இன்ஜினை 2000 ஆர்.பி.எம்.மில் வைத்து, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலும் இன்னொன்றை பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டிலும் வையுங்கள். 0.2 வோல்ட் வரை சரி. 0.5 வந்தால், 60 ஆம்பியர் ஓடும்போது அந்த வழியில் 30 வாட் சூடாகவே வீணாகிறது; நட்டைத் தொட்டால் சுடும். இதே சோதனையை ஆல்டர்நேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையேயும் செய்ய வேண்டும். எர்த் பக்கத்தைப் பலர் பார்ப்பதே இல்லை.

சிலர் இன்னமும் இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "வண்டி நிக்கலையே, டைனமோ ஓகே" என்கிறார்கள். அந்த ஒரு நொடியில் எகிறும் வோல்டேஜ் இ.சி.யு.வையே தீர்த்துவிடும். அப்படிச் சோதிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

புது வண்டிகளில் இன்னொரு குழப்பம். மைலேஜுக்காக இ.சி.யு. தானே சார்ஜைக் குறைத்து 12.6 வோல்ட்டுக்குக்கூட இறக்கும். அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு நல்ல ஆல்டர்நேட்டரைக் கழற்றுவது உண்டு. இதற்காக பேட்டரி நெகட்டிவில் கரன்ட் அளக்கும் சென்சார் இருக்கும் வண்டியில், பின்னால் பூட்டிய ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை நேராக போஸ்ட்டில் கட்டினால் அந்தக் கரன்ட் சென்சாரின் கணக்கில் வராது. எர்த்தை பாடியில் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால் அப்புறம் ஆல்டர்நேட்டர். கார்பன் பிரஷ் தேய்ந்து ஸ்லிப் ரிங்கை விட்டு விட்டுத் தொட்டாலும் இதே 0622 வரலாம். அது வெறும் பிரஷ், ரெகுலேட்டர் வேலை. முழு யூனிட் வேண்டியதில்லை. புது யூனிட் போட்டும் கோடு நின்றபாடில்லை என்றால் பார்ட் நம்பரை ஒப்பிடுங்கள். கப்ளர் அப்படியே பொருந்தும், ஆம்பியரும் ஒன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் மட்டும் வேறு வகையாக இருந்து இ.சி.யு.வுக்குப் பதில் சொல்லாது. கழற்றிய பழையதைக் கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன் அதிலுள்ள நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.