உலகைச் சுற்றும் முன் சுற்ற வேண்டிய அலுவலகங்கள்

உலகத்தை ஒரே பயணத்தில் சுற்றிவர நினைக்கும் குடும்பங்கள் முதலில் நாடுகளின் பட்டியலைப் போட்டுவிட்டு, கடவுச்சீட்டு, விசா, தடுப்பூசி ஆகியவற்றைக் கடைசி நேர வேலைகளாக ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டுடன் புறப்படுகிறவர் எந்தத் திசையில் போகலாம் என்பதைக்கூட வரைபடத்தைவிட விசா விதிகளே அதிகம் தீர்மானிப்பதால், காகிதங்களிலிருந்து தொடங்குவதே சரியான முறை. தென்சென்னைப் புறநகர்வாசிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கடவுச்சீட்டு சேவை மையமும், வெளிநாட்டில் கார் ஓட்ட ஓராண்டுக்குச் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைத் தரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் தாம்பரத்தில் இருக்கின்றன. 1931 முதல் ஓடும் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலின் தடத்திலேயே, திரிசூலத்தில் விமான நிலையமும் கிண்டியில் தடுப்பூசி போடும் கிங் நிலையமும் அமைந்திருக்கின்றன.

பெரியவர்களுக்கான கடவுச்சீட்டு பத்தாண்டுகளுக்குச் செல்லும் என்றாலும், பல நாடுகள் அதில் குறைந்தது ஆறு மாதக் காலம் மீதமிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. 36 பக்கம், 60 பக்கம் என இருவகைப் புத்தகங்கள் உள்ளன. உலகம் சுற்றுகிறவர் 60 பக்கத்தையே கேட்டு வாங்குவது நல்லது. தமிழர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாமல் முன்னெழுத்து போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தால், பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாகவே இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு அமெரிக்கத் தூதரகம் தரும் விசாவில் அவருடைய பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்ற பொருளில் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து அச்சாகிவிடும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா விசா தர மறுத்துவருகிறது. தந்தை பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்து, விசா வேலைகளுக்கு முன்பே கடவுச்சீட்டை மறுவெளியீடாகப் பெற்றுக்கொண்டால், விமானச் சீட்டு முதல் காப்பீடு வரை எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி அமையும்.

அடுத்தது விசா வரிசை. அமெரிக்காவின் சுற்றுலா விசா பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குக் கிடைக்கிறது; ஒரே விசாவில் 29 ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தும், பிரிட்டன் விசாவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தும்தான் விண்ணப்பிக்கலாம்; ஜப்பானுடைய ஒருமுறை நுழைவு விசாவிலோ, அது வழங்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் உள்ளே நுழைந்தாக வேண்டும். மூன்று மாதப் பயணத்தில் ஜப்பானைக் கடைசியில் வைத்தால் சென்னையில் வாங்கிய விசா வழியிலேயே காலாவதியாகிவிடக்கூடும் என்பதால், ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா எனக் கிழக்கு நோக்கிப் போவதே பாதுகாப்பானது. உடம்பு மேற்கு நோக்கிய பயணத்தைத்தான் எளிதாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் தூக்கக் கலக்கம் சில நாளில் தீரும், காலாவதியான விசாவுக்கு அப்படி ஒரு தீர்வு இல்லை.

பல விமான நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணிகள் விற்கும் ‘உலகச் சுற்றுச் சீட்டு’, ஓராண்டுக்குள் முடிய வேண்டும், ஒரே திசையில் செல்ல வேண்டும், பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடக்க வேண்டும் என்ற நிபந்தனைகளுடன் வருகிறது. பசிபிக்கின் நடுவே செல்லும் பன்னாட்டுத் தேதிக் கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடக்கும்போது ஒரு நாள் பின்னே போவதால், டோக்கியோவில் ஞாயிறு மாலை ஏறுகிறவர் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே ஞாயிறு காலை இறங்குவார். விடுதி முன்பதிவில் பலர் தேதியைத் தவறவிடும் இடம் இதுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் விமானம் மட்டும் மாறினாலும் இந்தியருக்கு அமெரிக்க விசா கட்டாயம்.

ஆப்பிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளை வழியில் சேர்ப்பவர், அதற்கான தடுப்பூசியைப் பத்து நாள் முன்னதாகவாவது போட்டுக்கொள்ள வேண்டும். பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும், பின்னர் அது ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். கிண்டி கிங் நிலையம் தரும் மஞ்சள் புத்தகத்தில் கடவுச்சீட்டு எண்ணையும் எழுதுவார்கள் என்பதால் அசல் கடவுச்சீட்டு உடனிருக்க வேண்டும். நோயுள்ள நாடுகளிலிருந்து அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்புகிறவரை இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, ரொக்கமாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் எடுத்துச் செல்ல முடியும். மீதியை அந்நியச் செலாவணி அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள் என்பதால் அதை அளவாக வைத்து முழுப் பயணத்துக்கும் ஒரே காப்பீடு எடுப்பது சிக்கனம்.

கடவுச்சீட்டில் பெயரைச் சரிசெய்த கையோடு, மற்ற எதற்கும் முன்பாக அமெரிக்க விசா நேர்காணலுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கே சில வேளைகளில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத விமானச் சீட்டை வாங்க வேண்டாம்.