தையல்பெட்டி சொன்ன அரசியல் – 9: மாதம் 2000 கஜம்

வந்தவாசியில் ஒரு பழைய வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய தையல்பெட்டியைத் திறந்து பார்த்தேன். துருவேறிய ஊசிகள், நூல் தீர்ந்த மரக்கட்டைகள், சட்டைப் பித்தான்கள். எல்லாவற்றுக்கும் அடியில், கையால் நூல் நூற்கும் ஒரு தக்ளி கிடந்தது. சின்னப் பித்தளை வட்டு, அதன் நடுவே மெல்லிய கம்பி, கம்பி நுனியில் ஒரு கொக்கி.

“எங்க அம்மாது. சாயங்காலம் திண்ணையில உக்காந்தா இதத்தான் சுத்தினு இருப்பாங்க. காங்கிரஸ் வீடு எங்களுது” என்றார் வீட்டுப் பாட்டி.

சென்ற வாரம் பார்த்த ஸ்காட்லாந்து ஊசிமெத்தையை நினைத்துக்கொண்டேன். 1746-இல் ஸ்டூவர்ட் வம்சத்துக்காகக் கலகம் செய்து தூக்கிலேறியவர்களின் பெயர்களைப் பட்டுத்துணியில் அச்சிட்டு, அதில் ஊசி குத்தி வைத்தார்கள். 1825-இல் பர்மிங்ஹாம் பெண்கள் அடிமை முறைக்கு எதிரான துண்டறிக்கைகளைத் தையல் பைகளில் வைத்து விற்றார்கள். அந்தப் பொருள்களில் பெயரோ படமோ வாசகமோ உண்டு. தக்ளியில் ஓர் எழுத்தும் இல்லை. யார் பக்கம் என்று காட்ட, அதைச் சுற்றியாக வேண்டும்.

எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதற்குக் கணக்கே இருந்தது. காந்தி தலைமை வகித்த ஒரே காங்கிரஸ் மாநாடு, 1924 டிசம்பரில் பெல்காமில் கூடியது. கட்சி உறுப்பினராக மாதம் 2000 கஜம் கைநூல் தரவேண்டும் என்று அங்கே முடிவானது. ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் நூல்! காசு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளும் விசுவாசத்தை அவர் ஏற்கவில்லை. தினம் அரை மணி நேரம் விரல் நோக நூற்கச் சொன்னார். ராட்டை வாங்க வசதியில்லாதவருக்கும் தக்ளி கைக்கெட்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போகலாம், ரயிலில் நூற்கலாம்.

ஆனால் அதே விதியில் ஒரு வழியும் விட்டிருந்தார்கள். நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம். யாரோ ஒரு பெண் நூற்ற நூலில் இன்னொருவர் உறுப்பினராக இடமிருந்தது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. 1925 செப்டம்பரில் பாட்னாவில் விதி தளர்ந்தது: வருடத்துக்கு நாலணா, அல்லது தானே நூற்ற 2000 கஜம். நாலணா எளிது. அதன் பிறகும் தக்ளியை விடாதவர்களைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தப் பாட்டியின் அம்மா அப்படிப்பட்டவர். பக்கத்திலேயே ஆரணி, முகூர்த்தத்துக்குப் பட்டில்லாமல் கல்யாணம் பேசாத சீமை. அங்கே முரட்டுக் கதர்ப் புடவையோடு உறவுக்காரர் வீட்டுப் பந்தியில் உட்கார எத்தனை துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

“உங்களுக்கு நூற்க வருமா?” என்று கேட்டேன். பாட்டி விளக்குத்திரிப் பஞ்சைக் கொஞ்சம் பிய்த்துக் கொக்கியில் மாட்டி, கம்பியைச் சுண்டிவிட்டார். அறுந்தது. மறுபடியும் அறுந்தது. நாலாவது தடவை ஒரு முழம் நூல் இறங்கியது. அதைக் கம்பியில் சுற்றி, மறுபடி பஞ்சைப் பிய்த்தார்.

அடுத்த வாரம் திருப்பூர். அகில இந்திய சர்க்கா (ராட்டை) சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை அங்கேதான் இருந்தது.

(தொடரும்)