மலை சுத்திட்டு வாங்க

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை. என் சீரகச் சம்பா கதிரோடு சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அப்புறம் தூக்கமே இல்லை; படுத்தால் மனசில் கணக்குதான் ஓடும். வங்கியில் அடுத்தவர் பயிர்க்கடனைப் பார்த்தவனுக்குச் சொந்தக் கணக்கு வேறு மாதிரி வலித்தது.

தீபக் கூட்டம் கலைந்ததும் பக்கத்து வயல்காரர் வந்தார். "வாங்க சார், மலை சுத்திட்டு வரலாம்."

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு இடத்தில் நிற்பதால் நடை தானாக நிதானப்படும். பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். கவலையில் மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடும். இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சை நீளமாக்கினால் இதயத் துடிப்பு தணியும், தோள் இறுக்கம் தளரும்.

யம லிங்கம் தாண்டியதும் அவர் தன் நகைக்கடனைப் பற்றிச் சொன்னார். நானும் என் நஷ்டத்தைச் சொன்னேன். அதுவரை வீட்டில்கூட முழுசாகச் சொல்லவில்லை.

நடந்தால் கடன் அடையாதுதான். ஆனால் அன்று ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினேன். மறுநாள் நோட்டை எடுத்து, அந்த வயலில் உளுந்து விதைக்க என்ன செலவாகும் என்று எழுதினேன்.

மலை தூரம் என்றால் வரப்பு போதும். செல்போனை வீட்டிலேயே வையுங்கள். குடித்துவிட்டுப் படுத்தால் வருகிற தூக்கம் நடுராத்திரியில் கலைந்துவிடும். ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் நடையை மட்டும் நம்பாதீர்கள். டெலி மானஸ் 14416, அரசின் இலவச எண். தமிழிலேயே பேசலாம்.