லண்டன் பயணம்: டிக்கெட்டில் 7 மணி நேரம், வானில் 14 மணி நேரம்

இரவு 11 மணிக்குக் கேஎல்ஐஏ-வில் விமானம் ஏறும் பிள்ளை, மறுநாள் காலை 6 மணிக்கு லண்டன் ஹீத்ரோவில் இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும். ஏழு மணி நேரம்தானே என்று விடியற்காலையிலேயே அழைப்புக்குக் காத்திருந்து பதறும் பெற்றோர் உண்டு.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இவ்விரு விமான நிலையங்களுக்கும் இடையே ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். நேரடி விமானத்துக்குச் சுமார் 14 மணி நேரம் பிடிக்கும். இங்கிலாந்தின் கோடைக்காலத்தில் மலேசியா 7 மணி நேரமும், குளிர்காலத்தில் 8 மணி நேரமும் முன்னால் உள்ளது. கோடையில் அங்கே காலை 6 என்றால் இங்கே பிற்பகல் 1.

திரும்பும்போது, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று விமானத்துக்குத் துணை நிற்பதால் பயண நேரம் சற்றுக் குறையும்.

இறங்கிய பின் குடிநுழைவுச் சோதனையும் பெட்டி எடுப்பதும் உண்டு. பிற்பகல் 2 வரை கைப்பேசி ஒலிக்காவிட்டாலும் கலங்க வேண்டியதில்லை.