மூக்குக் குத்தும் மோட்டார் சைக்கிள்: தளர்ந்த முன்போர்க்கைச் சீராக்குவது எப்படி?

பேருந்துகள் ஓடத் தொடங்கும் முன்னரே உணவகச் சமையலறைக்கோ தொழிற்சாலைக்கோ போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று பேருதவி. ஜேர்மனியில் அத்தகையோர் மலிவாகத் தேடி வாங்கும் வண்டிகளுள் ஹொண்டா சி.பி. 500 ஒன்று. 1993 முதல் 2003 வரை விற்பனையான இவ்வண்டி, சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் பலவற்றிலும் பாவனையில் இருந்தது. இயந்திரம் இலேசில் களைப்பதில்லை. களைத்துப்போவது முன்போர்க். பிறேக் பிடியை அழுத்தியதும் வண்டி மூக்குக் குத்துகிறது. பள்ளத்தில் விழுந்தால் 'டக்' என்று இரும்போடு இரும்பு மோதும் ஒலி எழுகிறது.

“வண்டிக்கு வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று பலரும் இதனைப் பொறுத்துக்கொள்வதை நாம் காண்கிறோம். இது பொறுத்துக்கொள்ளத் தக்க குறையன்று. கடுமையாகப் பிறேக் பிடிக்கும்போது வண்டியினதும் ஓட்டுநரினதும் பாரத்திற் பெரும்பகுதி முன்சில்லின் மீது வந்து விழுகிறது. அவ்வேளை போர்க் அடிமட்டத்திற்கு இறங்கி முட்டிவிட்டால், தெருவின் மேடுபள்ளத்தை ஏற்பதற்கு அதனிடம் எஞ்சிய அசைவு எதுவுமில்லை. சில்லு துள்ளும், டயரின் பிடி விடும். மழையில் நனைந்த கல் பதித்த தெருவில், இலையுதிர்காலத்து அதிகாலை இருளில், இதன் விளைவு என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நோயைத் தீர்க்குமுன் உறுப்பை அறிதல் வேண்டும். எண்ணெயால் அசைவைத் தணிக்கும் தொலைநோக்கிக்குழாய் வடிவப் போர்க்கை உற்பத்தி மோட்டார் சைக்கிளில் முதன்முதல் பொருத்தியது பி.எம்.டபிள்யூ. நிறுவனமே, 1935இல் வெளிவந்த ஆர்12 வண்டியில் அது இடம்பெற்றது. பழைய வண்டிகளின் போர்க் இன்னும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது. குழாய்க்குள் ஒரு சுருள்வில். அதனைச் சூழ எண்ணெய். அடியில் சிறு துளைகள் கொண்ட ஒரு தண்டு. பாரத்தைத் தாங்குவது வில். வில் துள்ளும் வேகத்தை அடக்குவது துளைகளூடாகப் பிதுங்கிச் செல்லும் எண்ணெய். மேலே அடைபட்டிருக்கும் காற்று, போர்க் ஆழமாக இறங்க இறங்க அமுங்கி, இரண்டாவது வில்லைப்போல் உதவுகிறது.

இதனை விளங்கிக்கொண்டால் 'மென்மை' என்ற ஒரே சொல்லுக்குள் இரு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருப்பது புலப்படும். பிறேக் பிடித்ததும் ஆழத் தாழ்ந்து, விடும்வரை அங்கேயே கிடந்தால் வில் பலமற்றது. மேட்டில் ஏறி இறங்கிய பின்னும் தொட்டில் போல இரண்டு மூன்று தரம் ஆடினால் எண்ணெய் செத்துவிட்டது. பழைய வண்டியில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர். தடித்த எண்ணெய் ஊற்றினால் எல்லாம் தீரும் என்பது கராச்சுகளில் அடிக்கடி கேட்கும் ஆலோசனை. தடித்த எண்ணெய் இறங்கும் வேகத்தை மட்டுமே குறைக்கும். பிறேக்கைத் தொடர்ந்து பிடித்திருந்தால் போர்க் ஈற்றில் அதே ஆழத்திற்கு வந்து சேரும். அதுமட்டுமன்று. துளையூடு செல்லும் எண்ணெயின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. எனவே, கூரிய பள்ளமொன்றில் விழும்போது தடித்த எண்ணெய் நிறைந்த போர்க் இரும்புத்தடி போல விறைத்து, அதிர்ச்சி முழுவதையும் மணிக்கட்டுக்கு அனுப்பிவிடும்.

மற்றொரு மருந்து, வில்லின் தலையில் நீண்ட குழாய்த்துண்டு வைத்து அதனை முன்கூட்டியே அமுக்குவது. 10 மில்லிமீற்றர் கூட்டினால் வண்டியின் முன்பகுதி அண்ணளவாக 10 மில்லிமீற்றர் உயரும். வில்லின் வன்மை மாறாது. உயரம் போதாத வண்டிக்கு இது நல்ல மருந்து; வில் பலமற்ற வண்டிக்குப் போதாது.

ஆகவே முதலில் அளக்க வேண்டும். முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கி, போர்க் முழுவதும் நீண்ட நிலையில் வெளித்தெரியும் குழாயின் நீளத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் ஓட்டுநர் வழமையான உடையோடு ஏறி அமர, ஒருவர் பின்னாலிருந்து வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, மற்றொருவர் மீண்டும் அளக்கட்டும். 120 மில்லிமீற்றர் அசைவுள்ள போர்க்கில் இவ்விரு அளவுகளின் வேறுபாடு 30 முதல் 40 மில்லிமீற்றர் வரை இருத்தல் நன்று. மிக அதிகமாயின் அமுக்கம் கூட்டிப் பார்க்கலாம். அப்படியும் பிறேக்கில் அடிமுட்டினால் வேறு வில் வாங்குவதே வழி. ஜேர்மனியின் வில்பேர்ஸ், விர்த், நெதர்லாந்தின் ஹைப்பர்புரோ ஆகிய நிறுவனங்கள் பழைய வண்டிகளுக்கென வில்கள் செய்கின்றன. இவற்றுட் பல, ஒரு முனையில் நெருக்கமாகச் சுற்றப்பட்டு, இறங்க இறங்க வன்மை கூடுபவை. வில்லோடு வரும் அனுமதிப் பத்திரத்தை எறிந்துவிடலாகாது. ஈராண்டுக்கொருமுறை நடக்கும் தொழில்நுட்பப் பரிசோதனையில் அதைக் கேட்பார்கள்.

வேலை செய்பவர் கவனிக்க வேண்டியவை சில. வண்டியை இயந்திரத்தின் கீழ் உறுதியாகத் தாங்குக. போர்க்கைக் கழற்றுமுன், கீழ்ப்பிடி இறுக்கமாக இருக்கும்போதே மேற்பிடியைத் தளர்த்தி, தலைமூடியை இளக்குவது எளிது. மூடி கடைசிப் புரியில் வில்லின் விசையால் துள்ளி வரும். முகத்தை அதன் நேரே வைக்கலாகாது. பழைய எண்ணெய் சாம்பல் நிறத்தில், மீன் நாற்றத்தோடு வடியும். குழாயைப் பலமுறை மேலும் கீழும் அசைத்து முழுவதையும் வெளியேற்றுக. குழாயில் துருப்பொத்தல்கள் உளவா, சீல் கசிகிறதா எனவும் பார்த்துக்கொள்க. பொத்தல் விழுந்த குழாயில் புதிய சீல் நிலைக்காது.

புதிய எண்ணெயை ஊற்றி, காற்று வெளியேறும்வரை மெதுவாக அசைத்தபின், வில்லின்றி, குழாயை முற்றாக அமிழ்த்தி, விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டத்தை அளக்க வேண்டும். அளவு தயாரிப்பாளரின் கைநூலில் உண்டு. புதிய வில்லாயின் வில் செய்தவர் தரும் அளவே செல்லும். இரு கால்களிலும் மட்டம் ஒன்றாக இருத்தல் அவசியம். மட்டத்தை 10 மில்லிமீற்றர் உயர்த்தினால் காற்றறை சுருங்கி இறுதி அசைவு வன்மைப்படும். மிகையாக உயர்த்தினால் சீல் வெடிக்கும். 10 டபிள்யூ என்று எழுதிய இரு நிறுவனங்களின் எண்ணெய்கள் ஒரே தடிப்புடையன என்றும் நம்ப வேண்டாம். 40 பாகை செல்சியசில் தரப்படும் சென்ரிஸ்ரோக் எண்ணை ஒப்பிடுவதே சரியான முறை.

மீளப் பூட்டும்போது, அச்சின் பிடிதிருகை இறுக்குமுன் பிறேக்கைப் பிடித்து முன்பகுதியை நாலைந்து முறை அமுக்கினால் இரு கால்களும் நேராக நிற்கும். தெருவில் இறங்குமுன் பிறேக் பிடியைப் பலமுறை அழுத்தி, அது இறுகுகிறதா எனப் பார்ப்பதை மறக்கலாகாது. கலிப்பர் கழற்றப்பட்ட வண்டியில் முதல் அழுத்தம் வெறுமையாகவே போகும்.

செலவைப் பார்த்து, “வேறு வண்டி வாங்குங்கள்” என்று சொல்லும் கராச்சுகளும் உள. 1990களில், எரிபொருள் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்களுக்கு அந்த ஆலோசனை சற்று விசித்திரமாகவே ஒலிக்கும். ஒரு நாட் பொழுதும் நல்ல சாவிகள் சிலவும் இருந்தால் இவ்வேலை நம்மால் இயலும்.

வடித்த எண்ணெயைக் கழிவுநீர்க் குழியில் ஊற்றுவது ஜேர்மனியில் தண்டனைக்குரிய செயல். புதிய எண்ணெய் வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டி, விற்ற கடைக்காரர் பழைய எண்ணெயைத் திருப்பி ஏற்பாரா எனக் கேட்டுப் பார்க்கலாம்.