நம்ம செல்லுக்கு மைலேஜ் எவ்வளவு?



யாராவது புது பைக் வாங்கினால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" நம்ம செல்லையும் அப்படிக் கேட்கலாம். ஒரு குளுக்கோஸை எரித்தால் எத்தனை ஏ.டி.பி. கிடைக்கும்? சில புத்தகங்களில் 38 அல்லது 36, சிலவற்றில் 32 அல்லது 30 என்று இருக்கிறது. எது சரி என்று எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எப்படி அளக்கிறார்கள்?

எலியின் கல்லீரலிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, ஒரு சின்ன மூடிய பாத்திரத்தில் உணவுப் பொருள், ஏ.டி.பி., பாஸ்பேட் ஆகியவற்றோடு விடுவார்கள். ஏ.டி.பி.யோடு பாஸ்பேட் சேர்ந்தால் ஏ.டி.பி. என்று குழம்பாதீங்க: முதலில் இருப்பது 'டை' பாஸ்பேட், அதாவது இரண்டு, பிறகு வருவது 'ட்ரை' பாஸ்பேட், மூன்று. அந்த மூன்றாவது பாஸ்பேட்டில்தான் சக்தி சேமிப்பு! ஆகவே, செலவான ஆக்சிஜன் எவ்வளவு, சேர்ந்துகொண்ட பாஸ்பேட் எவ்வளவு என்று பார்த்தால் போதும். ஒரு ஆக்சிஜன் அணுவுக்கு எத்தனை பாஸ்பேட் என்பதே பி/ஓ விகிதம். இதுதான் மைலேஜ்.

சென்னையில் படித்தவர் தந்த அளவுகோல்

பாஸ்பேட்டை அளக்கும் முறையை 1925-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து கண்டுபிடித்தவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கரைசலில் மாலிப்டேட்டும் இன்னொரு மருந்தும் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் அடர்ந்தால் பாஸ்பேட் அதிகம். அவ்வளவுதான்! 1929-ல் இருவரும் ஏ.டி.பி.யையே கண்டறிந்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டறிந்தார்.

சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முயற்சியில்தான் பாஸ் ஆனார். பிறகு படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். தாம்பரத்தில் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறதே, அதேதான்!

எண் ஏன் மாறியது?

அந்தக் காலத்தில் விகிதம் முழு எண்ணாகத்தான் இருக்கும் என்று நம்பி, என்.ஏ.டி.ஹெச்.சுக்கு 3, எஃப்.ஏ.டி.ஹெச்.2-வுக்கு 2 என்று வைத்தார்கள். 1961-ல் பீட்டர் மிட்செல் புது விளக்கம் தந்தார்: மைட்டோகாண்ட்ரியா முதலில் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது, அவை திரும்பி உள்ளே வரும்போது ஏ.டி.பி. உருவாகிறது. (1978-ல் நோபல் பரிசு!) ஒரு என்.ஏ.டி.ஹெச். 10 புரோட்டான்களைத் தள்ளுகிறது. ஒரு ஏ.டி.பி.க்கு 4 தேவை. அப்போ 10 ÷ 4 = 2.5. இன்னொன்றுக்கு 6 ÷ 4 = 1.5.

இப்போ கூட்டுங்க: 10 × 2.5 = 25, 2 × 1.5 = 3, நேரடியாக வருவது 4. மொத்தம் 32. சில செல்களில் 30.

ஒரு மோல் குளுக்கோஸில் 686 கிலோகலோரி. ஒரு மோல் ஏ.டி.பி.யில் 7.3. ஆக, 32 × 7.3 = சுமார் 234. அதாவது 34 சதவீதம். மீதி வெப்பமாகப் போகிறது. அதுவும் வீண் இல்லை, நம் உடம்பு சூடாக இருப்பதே அதனால்தான்.

பரீட்சையில் நம்ம பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதுங்க. ஆனால் அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு எழுதுங்க!

— பதினொன்றாம் வகுப்பு மாணவி, செம்பாக்கம்