குடும்பச் செபமாலையும் குறுகிவிட்ட மாலைப் பொழுதும்

விளக்கேற்றும் நேரமாயிற்றென்றால் இல்லந்தோறும் ஐம்பத்துமூன்று மணிச் செபம் தொடங்குவது நம் முன்னோர் காத்துவந்த ஒழுங்கு. பாட்டனார் முன்மொழிவார், சிறுவர் முழந்தாளிட்டுப் பதிலுரைப்பர். பிறகு மாதா பிரார்த்தனை. அதற்கும் பிறகு இறந்தோருக்காக, நோயாளிகளுக்காக, மழைக்காக என்று செபங்கள் நீளும். இறுதியில் பெரியோர் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரைவர். அதன் பின்னரே சோறு.

அந்த மாலைப் பொழுது இன்று எங்கே? தந்தைக்கு ஆலையில் இரண்டாம் ஷிப்டு. மகனுக்குத் தனிப்பயிற்சி வகுப்பு. மகளோ இரவுப் பணிக்கு அலுவலக வண்டியை எதிர்பார்த்து நிற்கிறாள். எல்லாரும் வீட்டிலிருக்கும் அரைமணியையும் தொலைக்காட்சியும் கைபேசியும் பங்கிட்டுக்கொள்கின்றன. இல்லச் சந்திப்புக்குச் செல்லும் நம்மிடம் அடிக்கடி வரும் வழக்கு இது: "ஐந்து தேவ இரகசியமும் சொல்லாவிட்டால் அது செபமாலையா, சாமி?" என்பார் பாட்டியார். "அவ்வளவு நேரத்திற்கு நான் எங்கே போவேன், சாமி?" என்பார் மருமகள். வழக்குத் தீராத வீட்டில் ஐந்துமில்லை, ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறது.

காலத்திற்கேற்ப வடிவம் மாறுவது திருச்சபைக்குப் புதிதன்று. நற்கருணை உபவாசத்தை எண்ணிப் பாருங்கள். நன்மை வாங்குவோர் நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் அருந்தலாகாது என்பது நெடுநாளைய சட்டம். பன்னிரண்டாம் பத்திநாதர் 1953-இல் தண்ணீர் தடையன்று என்றார். இரவில் உழைக்கும் தொழிலாளரையும் அவர் மனத்திற்கொண்டிருந்தார். 1957-இல் திட உணவுக்கு மூன்று மணி நேரம் என்றாயிற்று. 1964-இல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாக்கினார்.

செபமாலையும் இப்படி வளர்ந்ததே. வாசிக்கத் தெரியாத எளியோர் 150 சங்கீதங்களுக்கு ஈடாக மணிகளை எண்ணிச் செபித்தனர். 1569-இல் ஐந்தாம் பத்திநாதர் அதற்கு உறுதியான வடிவம் தந்தார். 2002-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்தபோது 150 என்பது 200 ஆயிற்று. சங்கீதக் கணக்குக் கலைந்துவிட்டதே என்று குறைபட்ட முதியோரும் உண்டு. ஆயினும் வியாழன்தோறும் அவர்களே அவற்றை முன்மொழிகின்றனர்!

1974-இல் மரியன்னை பக்தியைப் பற்றி எழுதிய ஆறாம் சின்னப்பர், குடும்பச் செபமாலையை மிகவும் பரிந்துரைத்தார். ஆனால் தியானமற்ற செபமாலை உயிரற்ற உடல் என்றும், இப்பக்தியில் விசுவாசிகள் அமைதியான சுதந்திரத்தோடு ஈடுபட வேண்டும் என்றும் தெளிவாக்கினார். நம் இல்லங்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. நேரம் குறைந்தால் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை, வேகத்தைக் கூட்டுகிறோம். ஒருவர் முடிக்குமுன் மற்றவர் தொடங்கிவிடுகிறார். தேவ இரகசியத்தை அறிவித்தபின் ஒரு நொடி மௌனமும் இல்லை.

ஆகவே நேரமில்லாத இல்லத்தார்க்கு நாம் சொல்வது: ஒரே ஒரு தேவ இரகசியத்தை நிறுத்தி, நிதானமாகச் சொல்லுங்கள். அதற்குரிய நற்செய்திப் பகுதியைப் பிள்ளைகளுள் ஒருவர் வாசிக்கட்டும். இறந்தோரின் பெயர்களையும் நெற்றிச் சிலுவையையும் விட்டுவிடாதீர்கள். அவற்றிற்கு இரண்டு நிமிடம் போதும். கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு ஆளுக்கொரு வேலை பார்ப்பதை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. நோயாளிக்கு அது துணை. கூடியிருக்கும் குடும்பத்திற்கு அது செபமன்று.

பாட்டியார் விடமாட்டார்: "நிறைபேறு பலன் போய்விடுமே!" அவர் சொல்வது சரியே. குடும்பமாகச் சொல்லி அப்பலனைப் பெற ஐந்து தேவ இரகசியங்களையும் இடைவிடாது சொல்ல வேண்டும். ஞாயிறன்று அதற்கு இடமுண்டு. இரவுப் பணிக்குச் செல்லும் மகளே அன்று முன்மொழியட்டும். மற்ற நாட்களில் எஞ்சிய நான்கையும் பாட்டியார் தம் கட்டிலருகே தொடரட்டும், தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் குறைத்துவிட்டு.